பின் இருக்கையின் வாக்கு

தில்லியில் இருபத்திரண்டு வருடங்களாக நான் ஒருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்துவருகிறேன். அது என் கணவரின் முதுகுதான் என்பதால் யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று மோட்டார் சைக்கிள்கள் வந்து போயின. மூன்றையும் தேர்ந்தெடுத்தவர் அவர். மைலேஜ் என்ன, பிக்கப் எப்படி, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா, திரும்ப விற்றால் என்ன தேறும் என்று எல்லாம் விசாரித்தார். பின்னால் உட்காரப்போகிறவளின் முழங்கால் எங்கே போகும் என்று மட்டும் விசாரிக்கவில்லை. அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் எந்த ஆணும் அப்படி விசாரித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

நான்காவது வண்டி வாங்க வேண்டிய கட்டாயம் 2024ல் வந்தது. 2009ல் பதிவு செய்த பழைய வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததால், பழுதுபார்த்துக் காலத்தை ஓட்டும் வழியும் அடைபட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பே என் முதுகும் தன் பதிவுக் காலத்தை முடித்துக்கொண்டிருந்தது. இடுப்புப் பகுதியில் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றது ஸ்கேன். இடது கால் பெருவிரல் பல நாட்கள் என்னுடையதாகவே இல்லை. கிள்ளினால் வேறு யாருக்கோ வலித்தது.

மருத்துவர் மயிலாப்பூர்க்காரர். தில்லிக்கு வந்து முப்பது வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவர். "டூ வீலரே வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். நீங்க கேக்கப்போறதில்லே" என்றார். "ஒண்ணு செய்யுங்கோ. ஒரு பக்கமா உக்காராதீங்கோ. தூக்கிப் போடற வண்டியிலே ஏறாதீங்கோ. இன்னொரு தடவை பிதுங்கினா ஆபரேஷன்தான்."

தூக்கிப் போடாத வண்டி எது என்று கேட்டேன்.

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் பின்னாலே உக்காந்ததே இல்லையே."

மெட்ரோ இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. 2009ல் மயூர் விஹாருக்கு வந்த நாள் முதல் காலையில் அதில்தான் கனாட் பிளேஸ் போகிறேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் இதழ் முடிக்கும் இரவு. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் கடைசி ரயிலும் போயிருக்கும். கார் வாங்கலாம், எங்கள் காலனியில் காரை வாங்குவதைவிட நிறுத்துவது கடினம், நிறுத்திவிட்டு அண்டை வீட்டாருடன் பேச்சுவார்த்தையில் இருப்பது அதைவிடக் கடினம். வாடகைக் காரில் சில இரவுகள் வந்திருக்கிறேன். பத்திரமாகத்தான் வந்தேன். ஆனால் இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? எங்களுக்கு அது பன்னிரண்டு கிலோமீட்டர். பெண் எந்தக் கல்லூரியில் படிப்பது, ஊரில் மாமியாரின் கண் ஆபரேஷனை எப்போது வைத்துக்கொள்வது, வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதா வேண்டாமா என்ற எங்கள் குடும்பத்தின் பெரிய தீர்மானங்கள் அனைத்தும் நிஜாமுதீன் பாலத்தின் மேல் எடுக்கப்பட்டவை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசுவதில் சில சௌகரியங்கள் உண்டு.

ஆகவே வண்டி வேண்டும். ஆனால் இந்த முறை தேர்வு செய்வது பின் இருக்கை என்று அறிவித்தேன். "சரி, நீயே பாரு. நான் ஓட்டறேன், அவ்வளவுதானே" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு சுலபமாகப் பதவி விலகிப் பார்த்ததில்லை.

மொழிபெயர்ப்பு என் தொழில். அதனால் முதலில் சொல்லில் சிக்கிக்கொண்டேன். பின்னால் உட்காருபவரை ஆங்கிலத்தில் 'பில்லியன்' என்கிறார்கள். கேலிக் மொழியில் சின்ன மெத்தை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் தோலைக் குறிக்கும் லத்தீன் சொல். குதிரைச் சேணத்துக்குப் பின்னால் பெண்களை ஏற்றிக்கொள்ளப் போட்ட மெத்தைதான் அது. மெத்தையின் பெயரே மெத்தைமேல் உட்கார்ந்தவருக்கும் ஆகிவிட்டது. தமிழில் நமக்கு அந்தச் சொல்கூட இல்லை. 'பின்னால் அமர்ந்து சென்றவர்' என்று செய்திகளில் நானே நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் 'பலி' என்ற சொல்லுக்கு முன்னால். பேச்சில் 'டபுள்ஸ்' என்கிறோம். அதில் ஆள் இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்து ஞாபகம் ஒன்றும் குறுக்கிட்டது. முல்லைத் திணைப் பாடல்களில் போர் முடிந்து திரும்பும் தலைவன் தேரில் பயணி மட்டுமே. ஓட்டுபவன் பாகன். வேகமாகப் போ, மெதுவாகப் போ, வண்டுகள் கலையாமல் போ என்று கட்டளையிடுகிற உரிமை பயணிக்கு. மோட்டார் சைக்கிள் வந்து இந்த உறவைத் தலைகீழாக்கிவிட்டது. பாகனே தலைவனாகிவிட்டான்.

சட்டம் பின்னால் இருப்பவரை மறந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, பின்னால் ஒருவர்தான், அவருக்கு உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கை வேண்டும் என்கிறது. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இன்னும் அழகு: பின்னால் ஆள் ஏற்றும் எந்த மோட்டார் சைக்கிளும் நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் தயாரிக்கப்படக் கூடாது. நாம் 'சாரி கார்டு' என்று சொல்லும் அந்தக் கம்பி வலை கடைக்காரர் போனால் போகிறதென்று கொடுக்கும் உபரிச் சாமான் இல்லை, சட்டம். இந்த மூன்று வரிகளைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பிற்பாடு பயன்பட்டது.

எல்லா அரசுகளுக்கும் பின் இருக்கைமேல் இத்தனை கரிசனம் இருந்ததில்லை. கராச்சியில் கலவரம் என்றாலும் முஹர்ரம் என்றாலும் 'டபுள் சவாரி'க்குத் தடை விதிப்பார்கள். ஓட்டுகிறவன் வண்டியைப் பார்க்க, பின்னால் இருப்பவன்தான் துப்பாக்கியை எடுப்பான் என்ற கணக்கு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் விலக்கு உண்டு. எங்களிடம் துப்பாக்கி இருக்காது என்ற நம்பிக்கைக்கு நன்றி.

தில்லியிலும் எங்களுக்கு ஒரு விலக்கு இருந்தது. 1999லிருந்து பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. 2014ல்தான் அது மாறியது. அதுவரை கணவர் தலைக்கவசத்துடனும் மனைவி காற்றில் பறக்கும் கூந்தலுடனும் போவது தலைநகரின் சகஜமான காட்சி. அவர் தலை குடும்பச் சொத்து, என் தலை என் சொந்த விஷயம். 2022ல் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். வண்டியின் வேகத்தையோ பாதையையோ தீர்மானிக்காதவர்கள்.

இனி கடைகளுக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் கிழக்கு தில்லி, நொய்டா, கரோல் பாக் என்று பதினோரு ஷோரூம்கள் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் விற்பனைப் பையன் நேராகக் கணவரிடம் போவான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, கையில் இஞ்ச் டேப்பை எடுத்ததும் குழம்புவான். "மேடம், லேடீஸுக்கு ஸ்கூட்டர் செக்‌ஷன் அந்தப் பக்கம்" என்றான் ஒருவன். ஸ்கூட்டரையும் பார்த்தேன். ஏறுவது சுலபம், கால் வைக்க விசாலம். ஆனால் பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் சின்னப் பள்ளத்தில்கூட முழுசாக இறங்கி ஏறுகிறது. மோட்டார் சைக்கிளின் பதினேழு, பதினெட்டு அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தைப் பாதி தாண்டிவிடும். என் டிஸ்க்குக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்தது. ஸ்கூட்டரை அன்றே விட்டோம்.

விளம்பரத் தாள்களை வாசிப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. சில நூறு தாள்களை மொழிபெயர்த்தே இருக்கிறேன். எஞ்சின் திறன், முறுக்கு விசை, சக்கர இடைவெளி, இருக்கை உயரம் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கொடுத்திருப்பார்கள். அந்த 'இருக்கை உயரம்' முன் இருக்கைக்கு மட்டும். பின் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு, அதற்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடையில் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்பது நான் புரட்டிய எந்தத் தாளிலும் இல்லை. அதனால்தான் இஞ்ச் டேப். எங்கள் பழைய வண்டியில் பின் இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் பதினெட்டு அங்குலம். இளைஞர்கள் மயங்கும் ஒரு வண்டியில் அது பதினான்கு. அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வந்து, இந்திய முறைக் கழிவறையில் இருப்பதுபோன்ற கோலம். பதினெட்டு வயதில் பரவாயில்லை. நாற்பத்தேழில் அந்தக் கோணம் நேராகப் போய் இடுப்பு எலும்பில் உட்காருகிறது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1985ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994ல் வந்த ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் நீளமான, தட்டையான ஒரே சீட். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை, டேங்க்கின் மேல் இன்னொரு குழந்தை என்ற சட்டவிரோதக் குடும்பத்தை மனதில் வைத்துத் தைத்ததுபோல இருக்கும். பிறகு வண்டிக்கு ஆண்மை வந்துவிட்டது. 2001ல் வந்த பல்சருக்கு 'சந்தேகமில்லாமல் ஆண்' என்ற பொருளில்தான் விளம்பரமே செய்தார்கள். அடுத்த சில வருடங்களில் வந்த பல வண்டிகளில் சீட் இரண்டாகப் பிளந்தது; பின்பாதி தேள்கொடுக்குபோல மேலே தூக்கியது. பார்க்க லட்சணம்தான். உட்கார்ந்தால், பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கி முன்னால் இருப்பவர் முதுகில் மோத வேண்டும். காதலிக்கிறவர்களுக்கு இதில் ஆட்சேபணை இருக்காது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமானவர்களுக்கு அவரவர் இடம் வேண்டியிருக்கிறது.

சீட்டைவிட முக்கியமான விஷயத்தைக் காட்டிக் கொடுத்தவர் கரோல் பாக் நாயிவாலா சந்தில் ஒரு சர்தார்ஜி மெக்கானிக். அந்தச் சந்து முழுக்க மோட்டார் சைக்கிள் சாமான்கள்தான். சாய்மானம், கூடுதல் கைப்பிடி, பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்தால் இரண்டு காலையும் வைக்கும் நீளப் பலகை எல்லாம் கிடைக்கும். சாய்மானம் கேட்டுப் போன என்னை அவர் வண்டிக்குப் பக்கத்தில் குனிய வைத்தார். "பீபிஜி, நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது பாருங்கள்" என்றார் ஹிந்தியில். பின் சக்கரத்தின் அச்சு இருந்தது.

வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சாலைப் பேராயம் 1988ல் சொன்ன கணக்கும் அதுதான்: உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மெதுவாக ஏறி இறங்கும் வளைவு. எங்கள் காலனி வேகத்தடைகளைப் போட்ட கான்டிராக்டர் அதில் உயரத்தை மட்டும் படித்திருக்கிறார். பின் சக்கரம் அதில் ஏறும்போது அச்சு பத்து சென்டிமீட்டர் எழும்புகிறது. ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் இருப்பதால் அவருக்குக் கிடைப்பது ஆறேழு சென்டிமீட்டர். அச்சுக்கு நேர் மேலே இருப்பவளுக்குக் கிட்டத்தட்ட முழுப் பத்தும். ஒரே வண்டி, ஒரே மேடு, இரண்டு அனுபவம். "இந்த வண்டி ஒண்ணும் அவ்வளவு தூக்கிப் போடலியே" என்று அவர் பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தது பொய்யில்லை. அவர் இருந்த இடத்தில் அது உண்மை.

ஆகவே பார்க்க வேண்டியது எஞ்சினை இல்லை, சக்கர இடைவெளியையும் பின் ஷாக் அப்சார்பரையும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் தூரம் அதிகமானால் பின் இருக்கை அச்சைவிட்டுச் சற்று முன்னால் நகர இடம் கிடைக்கும். சாதாரண 100 சிசி வண்டிகளில் இது சுமார் 1,240 மில்லிமீட்டர். 350 சிசி வண்டிகளில் 1,400 வரை போகிறது. ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்க, தளர்த்தப் படிகள் இருக்கின்றனவா என்பது அடுத்தது. அடியில் வட்டமாகப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருப்பார்கள். பல வண்டிகளில் ஐந்து படி, சிலவற்றில் ஆறு. தனியாகப் போகிறவருக்கு முதல் அல்லது இரண்டாவது படி. பின்னால் ஆள் ஏறினால் மூன்று, நான்கு. தளர்வாக இருந்தால்தானே மெத்தென்று இருக்கும் என்று தோன்றும். அப்படியில்லை. இருவர் எடையில் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கிப்போய்விடுவதால் மேட்டைக் கண்டதும் மீதியும் தீர்ந்து அடி தட்டும். அந்தத் 'தட்' சத்தம்தான் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் படிகளைத் திருப்ப ஒரு கொக்கி ஸ்பானர் வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்டேன், எதிர்வீட்டாரிடம் கேட்டேன்; வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. டயர் காற்றும் இப்படித்தான். இருவர் போகும்போது பின் டயருக்கு நான்கைந்து பவுண்டு கூடுதலாக வேண்டும் என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். பெட்ரோல் பங்க் பையன் இரண்டு டயருக்கும் ஒரே எண்ணைத்தான் வைப்பான்.

சுமை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு 100 சிசி வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை 130 கிலோ என்றிருந்தது. அவர் எழுபத்து நாலு, நான் அறுபத்தெட்டு. மடிக் கணினியும் சாப்பாட்டுக் கூடையும் சேர்க்காமலே கணக்கு உடைந்துவிட்டது. நாடெங்கும் அந்த வகை வண்டிகளில் என்னென்ன ஏறிப் போகின்றன என்று பார்க்கிறவர்களுக்கு இந்த எண் சிரிப்பூட்டும். பிரேக் போடும்போது சிரிப்பு வராது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் இணைக்கும் ஏற்பாடு போதும் என்றார்கள். திடீர் பிரேக்கில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவருக்குக் கைப்பிடியாவது பிடியில் இருக்கும். எனக்கு அவருடைய சட்டைதான். 125க்கு மேலே போவதென்று அந்த இடத்தில் முடிவாயிற்று.

எஞ்சின் விஷயத்தில் நான் கடைப்பிடித்த அளவுகோல் எந்தத் தாளிலும் கிடையாது. அது ஹெல்மெட் முட்டல். கிளட்ச்சை விடும்போது வண்டி வெட்டி இழுத்தால் என் தலை பின்னால் போகும். கியர் குறைத்தால் முன்னால் வந்து அவர் ஹெல்மெட்டில் 'டொக்'கென்று முட்டும். குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும் எஞ்சின் என்றால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம், முட்டலும் குறையும். வேகமே குறியான வண்டிகள் எஞ்சினை அலற விட்டால்தான் நகரும். ஒவ்வொரு வண்டியையும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், இருவருமாக ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். "டெஸ்ட் ரைடு ஒருவருக்குத்தான்" என்று இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள். மறுத்த இடத்தில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மற்ற இடங்களில் இரண்டு கிலோமீட்டரில் முட்டல்களை எண்ணினேன். மிக மோசமானது பதினேழு. மிக நல்லது மூன்று. அதில் ஒன்று மாடு குறுக்கே வந்ததால்.

மூன்று முட்டல் வாங்கியது ஒரு 350 சிசி வண்டி. உண்மையைச் சொன்னால் அது ராஜபோகம். நீளமான வண்டி, ஷாக்கில் ஆறு படி, கால் நீட்ட இடம். முழங்கால் அளவு பத்தொன்பதரை அங்குலம். வேகத்தடையில் ஏறி இறங்கியது தெரிந்தது, ஆனால் முதுகுக்குத் தகவல் போகவில்லை. வாங்கிவிடலாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தி, "இறங்கிட்டுத் திரும்ப ஏறு" என்றார். இடது ஃபுட்ரெஸ்டில் கால் ஊன்றி எழும்பினேன். குதிரையில் ஏறுவதுபோல ஏறுவதுதான் என் வழக்கம். டிஸ்க் வந்த பிறகு தரையில் நின்றபடி காலைத் தூக்கிப் போட முடிவதில்லை. என் முழு எடையும் இடது பக்கம் இறங்கியது. 191 கிலோ வண்டி சாய ஆரம்பித்ததும், ஐந்தடி நான்கு அங்குல மனிதர் நுனிக்காலில் நின்று அதைத் தாங்கிப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது. வண்டி விழவில்லை.

"ஒரு நாளைக்குத் தாங்கிடுவேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு, மழையிலே, ஐ.டி.ஓ. சிக்னல்லே?" என்றார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. வலது முழங்காலில் தேய்மானம் என்று அவருக்கும் ஒரு ஸ்கேன் இருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. பின் இருக்கைக்கு எது சுகமோ அதை முன்னால் இருப்பவரால் நிறுத்திப் பிடிக்க முடியாவிட்டால், கீழே விழப்போவது யார் முதுகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விற்பனைப் பையன் ஏமாந்துபோய் நின்றான். நானும்தான்.

வீடு திரும்பும் வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நிஜாமுதீன் பாலம் வந்தபோது, "எடை நூற்றைம்பதுக்கு மேலே வேண்டாம்" என்று நானே சொன்னேன்.

அதற்குப் பிறகு பட்டியல் சுருங்கிவிட்டது. கடைசியில் வாங்கியது 150 சிசி வண்டி. எடை 150 கிலோவுக்குள். ஒரே நீளச் சீட், பின்னால் இரண்டு ஷாக், ஐந்து படி. முழங்காலுக்குப் பதினெட்டரை அங்குலம். முட்டல் ஆறு. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது. பெயர் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டு முழங்கால்களுக்கும் எங்கள் வீட்டு முழங்கால்களுக்கும் சம்பந்தமில்லை. இஞ்ச் டேப் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

பில் போடும்போது 'துணைச் சாமான்கள்' என்ற தலைப்பில் சாரி கார்டுக்கும் பின் கைப்பிடிக்கும் தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். கைப்பையிலிருந்து 123ஆவது விதியை எடுத்தேன். மானேஜர் படித்தார். இன்னொரு முறை படித்தார். "மேடம் வக்கீலா?" என்று கணவரிடம் கேட்டார். "பத்திரிகை" என்றார் அவர். இரண்டு வரிகளும் பில்லிலிருந்து மறைந்தன. ஆனால் வண்டி வெளியே வந்தபோது சாரி கார்டைக் காணோம். தோற்றத்தைக் கெடுக்கிறது என்று மெக்கானிக் கழற்றி வைத்திருந்தார். எல்லாரும் அப்படித்தான் கேட்பார்களாம். பொருத்தி எடுத்துவர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கிக் கழுத்து நெரிந்த செய்திகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன் என்பதை அந்த இளைஞனுக்கு ஹிந்தியில் விளக்கிச் சொன்னேன். முகம் சுருங்கக் கேட்டுக்கொண்டான். அடுத்த வண்டியில் கழற்றாமல் இருந்தானா, தெரியாது.

சேலையை நான் வண்டிக்காகக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். ஒருபக்கமாக உட்காரும்போது இடுப்புக்குக் கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை. முறுக்கிய துணிபோல முதுகெலும்பு. மருத்துவர் தடுத்தது அதைத்தான். இப்போது சல்வார்தான், இரண்டு பக்கமும் கால். வேகத்தடை வரும் முன் அவர் "மேடு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். சொன்னதும் கைப்பிடியைப் பிடித்து, தொடையில் பலம் கொடுத்து அரை அங்குலம் எழும்பிக்கொள்வேன். முதல் மாதம் பத்துக்கு நான்கு மேட்டுக்கு மறந்தார். இப்போது பள்ளத்துக்கும் சொல்கிறார். மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, அவரும் ஒருநாள் ஏறிக்கொண்டார், ஒன்பது கஜத்துடன், ஒருபக்கமாக. மாற்றி உட்காரச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. சாரி கார்டு இருந்தது, கூடுதல் ஃபுட்ரெஸ்ட் இருந்தது. "மெதுவாப் போடா" என்ற ஒரே கட்டளையின் கீழ் மலை மந்திர் வரை இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பினார்கள். எழுபத்தாறு வயதில் அவருக்கு முதுகுவலி கிடையாது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

எனக்கு வலி முழுக்கப் போய்விடவில்லை. பெருவிரல் திரும்பக் கிடைத்துவிட்டது. வண்டியாலா, உடற்பயிற்சியாலா என்று மருத்துவரைக் கேட்டால் உடற்பயிற்சி என்கிறார். கணவரைக் கேட்டால் வண்டி என்கிறார்.

இரண்டாவது சர்வீஸ் முடிந்து வண்டி வந்த அன்று இதழ் முடிக்கும் இரவு. ஏறி உட்கார்ந்து, கனாட் பிளேஸிலிருந்து பாரகம்பா சாலைக்குத் திரும்பும் முன்பே முதல் மேட்டில் அந்தப் பழைய 'தட்' கேட்டது. "நிறுத்துங்க" என்றேன். "ஸ்பிரிங்கை மாத்திட்டாங்க."

"சர்வீஸ்லே அதை ஏன் தொடப்போறாங்க? நல்லாத்தானே போகுது."

"எனக்குத் தெரியுது. இறங்கிப் பாருங்க."

சாலை விளக்கின் கீழ் நிறுத்தி, குனிந்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். நான்காவதில் இருந்த இரண்டு ஸ்பிரிங்கும் முதல் படியில் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டைத் திறந்து கொக்கி ஸ்பானரை எடுத்து நீட்டினேன். இடது பக்கம் மூன்று 'கிளிக்', வலது பக்கம் மூன்று. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறு" என்றார்.